ஒரு விமானத்தின் ஒரு நாள் நிறம்

1940 கோடையில் இங்கிலாந்தின் ஒரு விமானத்தளத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்று வைத்துக்கொள்வோம். புல்தரையில் ஒரு ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் நிற்கிறது. அதன் பக்கவாட்டில் பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னம். நடுவில் சிவப்பு, அடுத்து வெள்ளை, பிறகு நீலம், எல்லாவற்றையும் சுற்றி மஞ்சள் வளையம் என்பது அந்த ஆண்டு மே மாதம் வந்த விதி. படத்திலோ வெளிவளையம் ஏறக்குறையக் கறுப்பாக இருக்கிறது. நீலம் இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கிறது. விதி தெரியாத ஒருவர் இந்தப் படத்தை மட்டும் நம்பி விமானத்துக்கு வண்ணம் தீட்டினால், கறுப்பு வளையம்தான் தீட்டுவார்.

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுகளான ஃபிளைட் சிமுலேட்டர்களில், விமானத்தின் மேல் போர்த்தும் வண்ணப்படத்தை ‘ஸ்கின்’ என்பார்கள். 2001இல் ரஷ்யாவிலிருந்து வந்த ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ தொடங்கி இன்றைய ‘டிசிஎஸ் வேர்ல்டு’ வரை, விளையாடுபவர்கள் தாமே ஸ்கின் வரைந்து சேர்த்துக்கொள்ள வழி உண்டு. மனம்போல் வண்ணம் பூசி மகிழ்பவர்கள் ஒரு பக்கம். உண்மையில் பறந்த ஒரு விமானத்தை அப்படியே மீட்டெடுக்க மாதக்கணக்கில் மெனக்கெடுபவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு மதிப்பு இந்த இரண்டாம் வகையினர் மேல். அவர்கள் செய்வது பாதி வரலாற்று ஆய்வு, பாதி ஒளியியல். ஸ்பிட்ஃபயரின் நிறம் என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பதை அவர்கள் அறிவார்கள். இந்த எண்ணுள்ள ஸ்பிட்ஃபயருக்கு இந்த வாரத்தில் இருந்த நிறம் என்றுதான் உண்டு.

மஞ்சள் ஏன் கறுத்தது? புகைப்படச் சுருளில் ஒளியை வாங்குபவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். இயல்பாக அவை நீலத்துக்கும் ஊதாவுக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே வசப்படும். சிவப்பு ஒளியின் துகள்களுக்கு அந்தப் படிகத்தில் மாற்றம் உண்டாக்கும் அளவு ஆற்றல் இல்லை. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சில சாயங்களைச் சேர்த்தால் படிகங்கள் பச்சையையும் உணரும் என்று கண்டார். இதிலிருந்து வந்ததே ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம். சிவப்புக்கு அது குருடு, மஞ்சளை மங்கலாகவே பார்க்கும், நீலத்தை அளவுக்கு மீறி வெளிச்சமாக்கும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டாலும், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கழுவலாம் என்ற வசதியால் பழைய வகையும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. ஆகவே போர்க்காலப் படம் எதுவானாலும் முதல் வேலை, அது எந்த ஃபிலிம் என்று கண்டறிவது.

இங்கே அந்த வட்டச் சின்னமே கைகொடுக்கிறது. அதன் நான்கு நிறங்களும் விதிப்படி நமக்கு முன்பே தெரிந்தவை. மஞ்சள் இருண்டு நீலம் வெளிறியிருந்தால் ஆர்த்தோ. மஞ்சள் பளிச்சென்று இருந்தால் பான். ஃபிலிம் எதுவென்று தெரிந்ததும், தெரியாத பகுதிகளுக்குப் போகலாம். மூக்கின் கூம்பு என்ன நிறம், வாலுக்கு முன்னால் உள்ள பட்டை என்ன நிறம் என்பதைச் சின்னத்தின் சாம்பல் படிகளோடு ஒப்பிட்டுக் குறுக்கிக்கொண்டு வரலாம். முழு விடை எப்போதும் கிடைக்காது. பான் ஃபிலிமில் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் ஒரே சாம்பலாக விழக்கூடும். அப்போது படத்தை வைத்துவிட்டுக் காகிதங்களைத் தேட வேண்டும்.

பிரிட்டிஷ் படையணிகள் ஒவ்வொன்றும் நாள்தோறும் ஒரு செயற்பாட்டுப் பதிவேடு எழுதின. அவை இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த விமானி எந்த வரிசை எண் கொண்ட விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எப்போது திரும்பினார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆனால் படத்தில் பெரிதாகத் தெரிபவை படையணியின் குறியெழுத்துகளும் விமானத்தின் தனி எழுத்தும்தான். வரிசை எண் 8 அங்குல உயரச் சிறு எழுத்தில் வால் பக்கம் ஒதுங்கியிருக்கும். 1940 நவம்பரில் வாலுக்கு முன்னால் 18 அங்குல அகலத்தில் வெளிர்பட்டை ஒன்று பூசச் சொன்னார்கள். பல விமானங்களில் அந்தப் பட்டை எண்ணையே விழுங்கிவிட்டது. எழுத்தையும் எண்ணையும் ஒன்றுசேர்க்கும் வேலை இதனால்தான் நீள்கிறது. அதை முடிக்காமல் தொடங்கும் ஸ்கின் அழகாக இருக்கலாம், வரலாறாக இருக்காது.

எண் கிடைத்துவிட்டால் தேதி கிடைக்கும், தேதியோடு விதிகளும் கிடைக்கும். 1940இல் ஸ்பிட்ஃபயரின் மேற்புறம் அடர்பச்சையும் மண்பழுப்பும் கலந்த திட்டு. அதிலும் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். தொழிற்சாலையில் விமானங்களுக்கு மாற்றி மாற்றி இரண்டையும் பூசினார்கள். வடிவத்தை இடவலம் மாற்றி வரைந்தால் அந்த விமானம் வேறு விமானமாகிவிடும். 1941 ஆகஸ்டில் மண்பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது. சண்டை இங்கிலாந்தின் வயல்களுக்கு மேலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்கும் பிரான்சுக்கும் நகர்ந்ததும், உயரத்தில் மறைய மண்நிறம் உதவவில்லை. ‘ஓஷன் கிரே’ என்ற அந்தப் புதிய வண்ணம் போதிய அளவு வந்து சேராததால், இருக்கும் ‘மீடியம் சீ கிரே’ 7 பங்கோடு கறுப்பு 1 பங்கு கலந்து பூசிக்கொள்ளுங்கள் என்று படையணிகளுக்குச் சொல்லப்பட்டது. தளத்துக்குத் தளம் கைக்குக் கை கலவை மாறியிருக்கும். 1940 ஜூனில் அடிப்புறத்துக்கு ‘ஸ்கை’ என்ற இளம்பச்சைச் சாயலுள்ள வண்ணத்தை ஆணையிட்டபோதும் இதே கதைதான். சில தளங்கள் வானம் என்ற பெயரைக் கேட்டு நீலமாகவே கலந்தன.

ஆக, ஆணையைப் படித்து அதன்படி தீட்டினால் போதும் என்று நினைப்பதும் தவறு. ஆணை என்பது விருப்பம். பெயிண்ட் டப்பாவில் இருந்ததே நடப்பு.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி 1944 ஜூன் மாதத்து நார்மண்டிப் படையெடுப்பு. நேச நாட்டு விமானங்களைத் தம் ஆட்களே சுட்டுவிடாமல் இருக்க, இறக்கையிலும் உடலிலும் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு எனப் பட்டைகள் பூசும்படி கடைசி நாட்களில் உத்தரவு வந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை 18 அங்குலம், இரட்டை எஞ்சினுக்கு 24 அங்குலம். தரைப்பணியாளர்கள் கிடைத்த தூரிகையை எடுத்து இரவோடு இரவாகப் பூசினார்கள். கோடு கோணலாகப் போனது, பூச்சு வழிந்தது, தூரிகைத் தடம் அப்படியே நின்றது. படங்களில் இதையெல்லாம் காணலாம். கணினியில் அளவுகோல் வைத்த மாதிரி நேர்கோட்டில் போட்ட பட்டைகள் அந்த இரவின் அவசரத்தை அழித்துவிடுகின்றன. அடுத்த சில வாரங்களிலேயே மேற்புறப் பட்டைகளை நீக்கத் தொடங்கினார்கள் என்பதால் இங்கும் தேதி முக்கியம்.

நிறங்களில் என்னை அதிகம் ஈர்ப்பது முதல் உலகப் போரின் பிசி10. பிரிட்டிஷ் விமானங்களின் துணிமேல் பூசிய காப்புப் பூச்சு அது. அதன் நிறம் பச்சையா பழுப்பா என்று ஆர்வலர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அதிலிருந்த நிறமிகள் மஞ்சள் காவியான இரும்பு ஆக்சைடும் விளக்குக்கரியும்தான். பச்சை நிறமி துளியும் இல்லை. ஆனால் மஞ்சளின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நம் கண்ணும் மூளையும் அதை ஒரு கட்டத்தில் ஆலிவ் பச்சையாக உணர்கின்றன. காவி சற்றுச் சிவந்ததாக இருந்தால், அல்லது மேலே பூசிய வார்னிஷ் முதிர்ந்து மஞ்சளித்தால், அதே பூச்சு பழுப்பாகத் தெரியும். இரு தரப்பாரும் பார்த்தது உண்மை. அவர்கள் பார்த்த கலவை வேறு, துணியின் வயது வேறு.

வயது நிறத்தை மாற்றுவதற்கு வேதியியல் காரணம் உண்டு. பெயிண்ட் என்பது நிறமித் துகள்களும் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பானும் சேர்ந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் பிணைப்பானை உடைக்கும்போது, மேற்பரப்பில் நிறமித் தூள் அவிழ்ந்து நிற்கும். விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் ஒட்டும். அது ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் நிறம் வெளிறுகிறது. அடியில் உள்ள பொருளுக்கேற்ப மாற்றம் வேறுபடும். அமெரிக்க விமானங்களில் ஆலிவ் டிராப் வண்ணம் பூசிய உலோகப் பகுதிகளும், அதே வண்ணம் பூசிய துணிச் சுக்கான்களும் சில மாதங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்பதைப் போர்க்கால வண்ணப்படங்களில் பார்க்கலாம். ஸ்கின் வரைபவர் விமானத்தின் எந்தப் பகுதி எதனால் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டியதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ஸ்கின்களில் மிகுதியாகக் காணும் பிழை. பூச்சு உதிர்ந்து வெள்ளி மின்னும் திட்டுகள் போரில் அடிபட்ட தோற்றம் தரும் என்று பலர் எல்லா இடத்திலும் அதைத் தூவுகிறார்கள். ஹரிக்கேன் விமானத்தின் பின்னுடல் மரச்சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே பெயிண்ட் உதிர்ந்தால் உலோகம் எப்படித் தெரியும்? சோவியத் லாக்-3 பெரும்பாலும் மரம். மஸ்கிட்டோவும் மரம். ஸ்பிட்ஃபயரின் உடல் அலுமினியக் கலவை என்றாலும், தேய்மானம் வரும் இடம் தெரிந்த இடம். விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் இருப்பதால், இடது இறக்கையின் அடிப்பகுதியில்தான் பூட்ஸ் கால்கள் அதிகம் படும். ஜப்பானியத் தரைப்படையின் விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு இல்லாமலே உலோகத்தின் மேல் வண்ணம் தெளித்ததால், அவை பாளம் பாளமாக உரிந்தன. அடிப்பூச்சு போட்ட கடற்படை ஸீரோக்கள் அவ்வளவு உரியவில்லை. ஒரே நாட்டின் இரண்டு படைகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு. மேலும், போர் உச்சத்தில் பல சண்டை விமானங்கள் சில வாரங்கள்தான் உயிரோடு இருந்தன. பழசாவதற்கே நேரம் கிடைக்காத விமானத்துக்கு ஆண்டுகளின் அழுக்கைப் பூசக் கூடாது.

புகைக்கறையும் வெறும் கறுப்பு இல்லை. அக்காலத்து உயர் ஆக்டேன் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருந்தது. எரிபொருள் குறைந்த கலவையில் நீண்ட தூரம் பறந்தால் புகைக்குழாய்க்குப் பின்னால் ஈய உப்புகள் வெளிர்சாம்பலாகப் படியும். எரிபொருள் மிகுந்த கலவையில் எரிந்தால் கரி கறுப்பாகப் படியும். கறையைப் பார்த்தே விமானம் எப்படிப் பறந்துவிட்டு வந்தது என்று ஊகிக்கலாம். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முன்விளிம்பிலுள்ள துப்பாக்கித் துளைகளைக் குளிரும் ஈரமும் புகாமல் சிவப்புத் துணி ஒட்டி மூடுவார்கள். சுட்டவுடன் அது கிழியும், இறக்கையின் அடியில் கரிக்கோடு விழும். துணி முழுதாக இருந்தால் விமானம் இன்னும் சுடவில்லை. ஸ்கின்னுக்கு ஒரே ஒரு கணம்தான் என்பதால், எந்தக் கணம் என்று வரைபவர் முடிவு செய்தாக வேண்டும்.

இனி கணினிப் பக்கம். முப்பரிமாண விமானத்தின் மேற்பரப்பைத் தையற்காரர் துணியில் வெட்டும் பாகங்கள்போல் ஒரு சதுரத்தில் தட்டையாக விரித்து வைக்கிறார்கள். அந்தச் சதுரமே வரைபலகை. பழைய ஐஎல்-2இல் அது 1024க்கு 1024 புள்ளிகள், மொத்தம் 256 நிறங்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை விரிவு 11.23 மீட்டர். அதைச் சதுரத்தின் முழு அகலத்தில் வைத்தால் ஒரு புள்ளிக்கு 1.1 சென்டிமீட்டர் வரும். ரிவெட்டுத் தலை அதற்குள் மறைந்துவிடும். இன்றைய 4096 புள்ளிச் சதுரத்தில் ஒரு புள்ளி 2.7 மில்லிமீட்டர். வரிசை எண்ணின் ஓரத்தில் தூரிகை நடுங்கியது கூடத் தெரியும். ஆராய்ச்சியின் பாரம் கூடியது இதனால்தான். முன்பு மங்கலில் மறைந்த அறியாமை இப்போது பளிச்சென்று தெரிகிறது.

நிறத்தை எண்ணாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. தன்மேல் விழும் ஒளியில் 10 சதவீதத்தைத் திருப்பும் ஓர் அடர்பச்சைப் பூச்சுக்கு 255இல் பத்தில் ஒரு பங்கான 26 என்று போட்டால் அது கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். சரியான எண் ஏறக்குறைய 89. பழைய வண்ண அட்டையை ஸ்கேன் செய்து எண்ணை எடுத்தாலும் அட்டையின் வயதையும் விளக்கின் நிறத்தையும் கழிக்க வேண்டும்.

நிழலும் மூடுபனியும் அடுத்த சிக்கல். தொலைவில் உள்ள பொருளுக்கும் நமக்கும் இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அடர்நிறங்கள் வெளிறி நீலம் பாய்கின்றன. சிறிய மாதிரி ஒன்று தொலைவில் நிற்கும் விமானத்துக்குச் சமம் என்பதால், பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்வோர் வண்ணத்தைச் சற்று வெளிறவைப்பது வழக்கம். அதே பழக்கத்தோடு ஸ்கின் வரைபவர்களும் இருக்கிறார்கள். இன்றைய சிமுலேட்டர் காற்றின் சிதறலைத் தானே கணக்கிடுகிறது. வெயிலையும் நிழலையும் பளபளப்பையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. வரைபவர் தாமும் வெளிறவைத்தால் காற்று இருமுறை கணக்காகும். 2001இல் நிலைமை வேறு. அன்றைய கணினிகளால் முடியாததால் தகடுகளின் விளிம்பு நிழலைக் கையால் வரைந்தார்கள். அன்று அது தேவை, இன்று அது பிழை.

இவ்வளவு பாடுபட்டும் உறுதி கிடைப்பது அரிது என்பதால், உண்மையான பூச்சோடு கிடைக்கும் விமானம் ஒவ்வொன்றும் பொக்கிஷம். 1942 ஜூன் 25இல் வீழ்ந்த பின்லாந்தின் புரூஸ்டர் பஃபலோ விமானம் பிடபிள்யூ-372, 1998இல் ரஷ்யாவின் கரேலியா பகுதியில் ஓர் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டது. குளிர்ந்த நன்னீரில் 56 ஆண்டு கிடந்தும் வண்ணங்களும் குறிகளும் தங்கியிருந்தன. அதைப் புதிதாக்காமல் அப்படியே காட்சிக்கு வைத்த முடிவைப் பாராட்டியே ஆக வேண்டும். கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகம் வைத்திருக்கும் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்றும் போர்க்காலப் பூச்சோடு இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, கண்காட்சிகளில் பறக்கும் மீட்டெடுத்த விமானங்கள் பல இன்றைய பளபளப்பான பெயிண்ட் பூசியவை. அவற்றின் படத்திலிருந்து நிறம் எடுப்பது வீண்.

நம் பக்கம் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. போர்க்காலத்தில் சென்னை மாகாணம் திரட்டிக் கொடுத்த நிதிக்காகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம், 234ஆம் படையணிகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கின. இலங்கையின் பெயரை 102ஆம் குண்டுவீச்சுப் படையணி தாங்கியது. 1940இல் 234 ஸ்பிட்ஃபயரில் ‘ஏஇசட்’ குறியோடும், 79 ஹரிக்கேனில் ‘என்வி’ குறியோடும் பறந்தன. 79 பிறகு 1942இல் இந்தியாவுக்கு வந்து, 1944இல் தண்டர்போல்ட் விமானத்துக்கு மாறிப் பர்மாவில் போரிட்டது. அந்த ஒரே படையணிக்கு இரண்டு முகம். இங்கிலாந்தில் சின்னத்தின் நடுவே சிவப்பு. ஆசியாவில் ஜப்பானியச் செஞ்சூரியனோடு குழம்பும் என்று சிவப்பை அகற்றி, அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். பெயர் இருந்தது என்பதற்காக ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று எல்லா விமானத்தின் மேலும் எழுதிவிடக் கூடாது. குறிப்பிட்ட விமானத்தில் எழுதியிருந்ததற்குப் படமோ பதிவோ வேண்டும்.

அந்தப் படங்களில் சில நம் வீடுகளில் இருக்கக்கூடும். போர்க்காலத்தில் தாம்பரம், சூலூர், சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, இலங்கையில் இரத்மலானை, திருகோணமலை சீனக்குடா என்று பல இடங்களில் விமானத்தளங்கள் இயங்கின. அங்கே வேலை செய்தவர்களின் பெட்டிகளில் ஓரம் மடிந்த படம் ஒன்று கிடைத்தால், அதைக் கணினியில் தானாக வண்ணமேற்றும் மென்பொருளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது நிறத்தைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகித்து நிரப்புகிறது. படத்தை உள்ளபடியே, முழு ஓரங்களோடு, பெரிய அளவில் ஸ்கேன் செய்யுங்கள். திருப்பிப் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அங்கே பென்சிலால் எழுதிய ஒரு தேதி, ஓர் ஊர்ப்பெயர் இருந்தால், அதன் மேல் ஒரு விமானத்தின் முழு நிறத்தையும் கட்டி எழுப்ப முடியும்.